எண்ணெய்க்குள் எது மருந்து: கஞ்சாத் தைலமும் கொங்கு நாட்டு வெட்பாலையும்

சித்த மருத்துவத்தில் மருந்து வேறு, அந்த மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் தேனோ நெய்யோ வெந்நீரோ வேறு. பின்னதற்கு அனுபானம் என்று பெயர். ஒரே பற்பம் தேனில் ஒரு வேலையும் நெய்யில் வேறொரு வேலையும் செய்யும் என்று கணித்தே வைத்தியர்கள் அதைக் கொடுத்துவந்தார்கள். உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துக்கே உரிய சொல் இது என்றாலும், தோலில் பூசும் எண்ணெய்களை மதிப்பிடும்போது இந்தப் பாகுபாட்டை மறந்தால் கணக்கு முழுவதும் பிசகிவிடும். கஞ்சாவைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தோ காய்ச்சியோ வீட்டிலேயே செய்துகொள்ளும் பூச்சு, தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் காளாஞ்சகப்படையையும் (ஆங்கில மருத்துவர்கள் சொரியாசிஸ் என்பது இதையே), நீர் கசிந்து அரிக்கும் கரப்பானையும் தீர்க்கும் என்ற நம்பிக்கை கடந்த இருபது ஆண்டுகளில் உலகின் பல மூலைகளுக்கும் பரவியிருக்கிறது. கோவையிலும் அதைச் சூழ்ந்த கொங்கு வட்டாரத்திலும் கஞ்சா எண்ணெய் என்ற பேச்சு புதியது. ஆனால் இலையை எண்ணெயில் இட்டுத் தோலுக்குப் பூசும் கைவழக்கம் அங்கே மிகப் பழையது. பழைய வழக்கத்தை அருகே வைத்துப் பார்த்தால்தான் புதிய நம்பிக்கையில் எவ்வளவு செடியின் பங்கு, எவ்வளவு எண்ணெயின் பங்கு என்பது துலங்கும்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் கஞ்சாச் செடிக்கும் அதன் நாருக்கும் வழங்கும் ஒரு சொல்லைத் தமிழில் சணல் என்று பெயர்த்து, சணல் விதை எண்ணெய், சணல் சோப்பு என்று பொருள்கள் விற்கப்படுகின்றன. கொங்கு உழவருக்கோ சணல் என்றால் கோணிப்பைக்குரிய நார். சணப்பு என்றால் நெல் நடுவதற்கு முன் வயலில் விதைத்து மடக்கி உழும் பசுந்தாள் உரம். இவ்விரண்டும் கஞ்சாவுக்கு எவ்வகையிலும் உறவல்ல. இன்னொரு பக்கம், கொங்குச் சமையலில் கடைந்து உண்ணும் புளிச்சைக்கீரைக்குத் தாவரவியலார் இட்ட பெயரில் கன்னாபினஸ் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பது இலையின் வடிவ ஒப்புமையால் மட்டுமே. கஞ்சா விதையிலிருந்து பிழியப்படும் எண்ணெயிலும் போதைப்பொருள் ஏறத்தாழ இல்லை. விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அனுமதி அளித்தது அதனால்தான். இக்கட்டுரை பேசுவது விதை எண்ணெயைப் பற்றியன்று. பூங்கொத்தின் பிசினை எண்ணெயிலோ சாராயத்திலோ கரைத்தெடுத்த சாற்றைப் பற்றி.

தமிழ் மருத்துவத்துக்குக் கஞ்சா அந்நியமானதன்று. கோரக்கர் மூலி, சிவமூலி, ஆனந்த மூலி என்று அதற்குப் பல பெயர்கள் உண்டு. பழனியோடு சேர்த்துப் பேசப்படும் போகரின் காலத்தவராக மரபு கருதும் கோரக்கரின் பெயரே செடிக்கு ஏறியிருப்பது, சித்தர் வழியில் அதற்கிருந்த இடத்தைக் காட்டும். ஆனால் அந்த இடம் பெரும்பாலும் வயிற்றுக்குள் செல்லும் மருந்துக்கானது. பசியின்மை, கழிச்சல், வலி, உறக்கமின்மை ஆகியவற்றுக்குச் சூரணமாகவும் லேகியமாகவும் கொடுக்கப்பட்டது. அதுவும் சுத்தி செய்த பிறகே. சுத்தி என்பது நச்சுத்தன்மையுடைய சரக்கை மருந்தில் சேர்க்குமுன் அதன் கேட்டை நீக்கும் முறை. கஞ்சாவைப் பொறுத்தவரை, இலையைத் துணியில் முடிந்து, பச்சைச் சாயம் நிற்கும்வரை நீரில் திரும்பத் திரும்பக் கசக்கிக் கழுவி, உலர்த்தி, பசு நெய்யில் இளவறுப்பாக வறுத்தெடுப்பது பரவலாக அறியப்பட்ட முறை.

இந்தச் சுத்தியை இன்றைய வேதியியலின் வெளிச்சத்தில் பார்த்தால், அது சொல்வதற்கும் செய்வதற்கும் இடையே சுவையான இடைவெளி ஒன்று தெரிகிறது. கஞ்சாவில் போதை தருவது டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி.; இஸ்ரேலில் கவோனியும் மெக்கூலமும் 1964இல் பிரித்தெடுத்துக் காட்டிய பொருள் இது. இது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே எத்தனை முறை நீரில் கசக்கினாலும் நீரில் கரையும் நிறப்பொருள்களும் உப்புகளுமே போகும், பிசின் இலையிலேயே தங்கும். மேலும், பச்சைச் செடியில் டி.எச்.சி. அமில வடிவில் இருக்கிறது. அந்த வடிவில் அதற்குப் போதையில்லை. சூடுபட்டால் அதிலிருந்து கரியமில வாயு விலகி, அது போதை தரும் வடிவை அடைகிறது. அதாவது நெய்யில் வறுக்கும் இறுதிப் படி, செடியின் வீரியத்தைக் குறைப்பதற்குப் பதில் எழுப்பிவிடுகிறது. எழுந்ததை நெய் ஏந்திக்கொள்கிறது. வயிற்றைப் புரட்டும் பொருள்களைக் கழுவி நீக்கிவிட்டு, வேண்டியதைக் கொழுப்பில் ஏற்றும் முறை என்று இதைக் கொண்டால், பழைய வைத்தியர்கள் அறியாமல் செய்தார்கள் என்று சொல்ல மனம் வராது. ஆனால் ஒன்று தெளிவு: நெய் இந்த மருந்துக்கு வெறும் துணையாக நிற்கவில்லை, மருந்தையே ஆக்கித் தருகிறது.

வெளிப்பூச்சாகக் கஞ்சா இலை பயன்பட்டதற்கும் சான்றுகள் உண்டு. மூலத்துக்கும் விரைவீக்கத்துக்கும் இலையை அரைத்து வதக்கிக் கட்டும் வழக்கத்தை இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் ஒற்றடமாகவே அது கொள்ளப்பட்டது. நாட்பட்ட படைக்கோ சொறிக்கோ முதன்மை மருந்தாக அது எண்ணப்படவில்லை. தமிழ் மரபில் அந்த இடம் வேம்புக்கும் புங்கனுக்கும் குப்பைமேனிக்கும் அறுகம்புல்லுக்கும் வெட்பாலைக்கும் உரியது. ஆகவே கஞ்சாத் தைலத்தைச் சித்தர் காலத்துச் சரும மருந்தாக இன்று விளம்பரப்படுத்துவோர், செடியின் பழமையைச் செய்முறையின் பழமையாக மாற்றிக் காட்டுகிறார்கள்.

மேலை மருத்துவத்துக்குள் கஞ்சா நுழைந்தது இந்தியா வழியாகத்தான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஓஷானசி 1839இல் இந்தியக் கஞ்சாவைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அடுத்த நூறாண்டு ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக்கடைகளில் கஞ்சாச் சாறு புட்டிகளில் நின்றது. இந்தியாவில் அதன் பயன்பாட்டை ஆராய 1893இல் அமைக்கப்பட்ட ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமான பழக்கத்தால் பெருங்கேடு இல்லை, முழுத் தடை வேண்டியதில்லை என்று முடிவு கூறியது. மனிதருக்கு மட்டுமன்றிக் கால்நடைக்கும் மருந்தாக அது பரவலாகப் பயன்பட்டதையும் அவ்வாணையம் பதிவு செய்தது.

தோல் மருந்தின் வரலாற்றில் இதைவிடக் கவனிக்கத்தக்கது, அக்காலத்து மேலைநாடுகளில் கால் ஆணிக்கு விற்ற ஒரு பச்சைத் திரவம். கொலோடியன் என்ற, பூசியவுடன் உலர்ந்து மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும் பசையில் சாலிசிலிக் அமிலத்தையும் கஞ்சாச் சாற்றையும் கலந்து செய்த அம்மருந்து, அதிகாரப்பூர்வ மருந்துக் குறிப்பேடுகளிலும் இடம்பெற்று இருபதாம் நூற்றாண்டிலும் நெடுநாள் புழங்கியது. கால் ஆணி உண்மையிலேயே கரைந்தது. கரைத்தது சாலிசிலிக் அமிலம். இன்றும் கால் ஆணிப் பட்டைகளில் இருப்பது அதுதான். கஞ்சாவை எடுத்துவிட்ட பிறகும் மருந்து முன்போலவே வேலை செய்தது, பச்சை நிறம் மட்டும் போயிற்று. வீட்டுக் கஞ்சா எண்ணெயைப் பற்றிய எந்த விவாதத்திலும் இந்தப் பச்சைத் திரவத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இன்றைய வீட்டுச் சாற்றின் பிறப்பிடம் கனடா. நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த ரிக் சிம்ப்சன், தம் தோலில் தோன்றிய புற்றுப் புள்ளிகளின்மேல் கஞ்சா எண்ணெயைத் தடவிக் கட்டி 2003இல் குணம் கண்டதாக அறிவித்தார். நாஃப்தா போன்ற கரைப்பானில் பூங்கொத்தை அலசி, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சும் கறுத்த பசையைப் பூசுவது அவர் முறை. ஒருவர் உடலில் நடந்ததாக ஒருவர் கூறிய செய்தி, அவ்வளவுதான். ஆனால் அவர் பெயரிலேயே அந்த எண்ணெய் உலகெங்கும் அறியப்பட்டது. கரைப்பான் ஆவி தீப்பற்றி வீட்டுச் சமையலறைகளில் வெடித்த நிகழ்வுகளும், அவற்றால் தீக்காயப் பிரிவுகளுக்கு வந்தவர்களும் அமெரிக்க மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கரைப்பானின் எச்சம் தோலை எரிக்கும் என்பது ஒருபுறமிருக்க, பிசினைச் செறிவாக்கும் அதே செயல் செடியிலிருந்த பூச்சிமருந்தையும் செறிவாக்குகிறது என்பது அதிகம் பேசப்படாத கேடு. கொங்குப் பகுதிக்கு வரும் கள்ளக் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து அமுக்கிக் கட்டிய பொட்டலங்களாக வருவது. எந்த ஈரத்தில் கிடந்தது, எந்தப் பூஞ்சை பிடித்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

இவ்வளவு சொன்னதால் கஞ்சாவின் வேதிப்பொருள்களுக்குத் தோலில் வேலையே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கன்னாபினாய்டு எனப்படும் அப்பொருள்கள் சென்று பொருந்துவதற்குரிய ஏற்பிகள், அதாவது உயிரணுவின் மேல் சாவித்துளை போல அமைந்த புரதங்கள், மூளையில் மட்டுமல்லாமல் தோலிலும் இருக்கின்றன. ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் இந்த ஏற்பிகள் இல்லாத எலிகளை வளர்த்தபோது, அடையாளத்துக்காகக் காதில் மாட்டிய நிக்கல் வில்லையைச் சுற்றி அவற்றின் தோல் வீங்கிப் புண்ணாவதைக் கண்டார்கள். கவரிங் கம்மல் போட்டுக் காது புண்ணான எவருக்கும் இந்த ஒவ்வாமை தெரிந்ததுதான். அதைத் தொடர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், டி.எச்.சி.யைத் தோலில் தடவினால் இவ்வகை அழற்சி குறைகிறது என்று காட்டினார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த மற்றோர் ஆய்வு, மேல்தோலை உருவாக்கும் கெரட்டினோசைட்டு என்ற உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதைக் கன்னாபினாய்டுகள் ஆய்வுத்தட்டில் மட்டுப்படுத்துவதாகத் தெரிவித்தது. காளாஞ்சகப்படையில் நடப்பது அந்தக் கட்டுமீறிய பெருக்கமே. முகப்பருவுக்குக் காரணமான எண்ணெய்ச் சுரப்பைப் போதையற்ற மற்றொரு கன்னாபினாய்டான சி.பி.டி. குறைப்பதாக 2014இல் மற்றொரு ஆய்வு வந்தது.

ஆய்வுத்தட்டிலிருந்து மனிதத் தோலுக்கு வரும் வழியில்தான் சிக்கல். மேல்தோலின் வெளியடுக்கு இறந்த உயிரணுக்களால் ஆன, கொழுப்பு பூசிய சுவர். கன்னாபினாய்டுகள் கொழுப்பை மிகவும் விரும்புவதால் அந்தச் சுவருக்குள் எளிதாகப் புகுந்து அங்கேயே தங்கிவிடுகின்றன, நீர்ப்பாங்கான உள்ளடுக்குக்கு மெல்லத்தான் இறங்குகின்றன. முகப்பருவுக்கான சி.பி.டி. கரைசலை ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று இரண்டாம் கட்ட மருத்துவச் சோதனைக்குக் கொண்டுசென்றது. 2019இல் வெளியான முடிவில், மருந்து பூசியவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் கரைசலைப் பூசியவர்களுக்கும் இடையே முதன்மை அளவுகோலில் போதிய வேறுபாடு தென்படவில்லை. மருந்து பயனற்றது என்பதைவிட, வெறும் கரைசலே நன்றாக வேலை செய்துவிட்டது என்று இதைப் படிப்பது பொருத்தம்.

வெறும் எண்ணெயின் வேலை எவ்வளவு என்பதற்கும் அளவீடு உண்டு. பிலிப்பைன்ஸில் கரப்பானால் அவதிப்பட்ட 117 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சுத்தத் தேங்காய் எண்ணெயும் மறு பிரிவுக்குக் கனிம எண்ணெயும் 8 வாரம் பூசினார்கள்; 2014இல் வெளிவந்த அந்த ஆய்வில், நோயின் கடுமையைக் குறிக்கும் மதிப்பெண் தேங்காய் எண்ணெய் பூசியவர்களுக்குச் சராசரியாக 68 விழுக்காடும், மற்றவர்களுக்கு 38 விழுக்காடும் குறைந்தது. மருந்து எதுவும் கலக்காத எண்ணெயின் கணக்கு இது. கஞ்சா கலந்த தேங்காய் எண்ணெயால் அரிப்பு பாதியாகக் குறைந்தது என்று ஒருவர் சொல்லும்போது, செடியின் பங்கை அறிய வேண்டுமானால் இந்த எண்ணை முதலில் கழிக்க வேண்டும். காங்கேயத்து உலர்களங்களில் கொப்பரை காய்வதையும், பொள்ளாச்சித் தோப்புகளையும், மரச்செக்குகளையும் கண்முன் வைத்திருக்கும் ஒரு வட்டாரம், தன் தேங்காய் எண்ணெய்க்கு உரிய பெயரைக் கஞ்சாவுக்குக் கொடுக்கும் நிலை விந்தையானதுதான்.

சட்டம் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை, அதற்கு நேர்மாறாக எண்ணெயையும் சேர்த்தே கூட்டுகிறது. 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, கள் சாராயத்தோடு நின்றதாகவே பலரும் நினைக்கிறார்கள். அச்சட்டம் கஞ்சாவையும் போதைப்பொருளாக வரையறுத்திருந்தது. 1985ஆம் ஆண்டின் நடுவண் போதைப்பொருள் சட்டம் பூக்கும் அல்லது காய்க்கும் நுனியைக் கஞ்சா என்றும், பிரித்தெடுத்த பிசினையும் அதன் செறிந்த எண்ணெய் வடிவத்தையும் சரஸ் என்றும் வகுத்தது. நுனியோடு சேராத தனி இலையையும் விதையையும் கஞ்சாவின் வரையறைக்கு வெளியே விட்டது. விஜயா என்ற வடமொழிப் பெயரில் இலைச்சாறு ஆயுர்வேத மருந்தாக இன்று உரிமத்தோடு விற்கப்படுவது இந்த இடைவெளியில்தான். வீட்டில் காய்ச்சுபவருக்கு இந்த இடைவெளி உதவாது. கஞ்சாவில் 1 கிலோவரை சிறு அளவு. சரஸில் 100 கிராம்வரைதான். கலவையில் போதைப்பொருளின் எடையை மட்டும் கணக்கிட வேண்டுமா, கலந்த நடுநிலைப் பொருளையும் சேர்க்க வேண்டுமா என்ற கேள்விக்கு, மொத்த எடையே கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. 200 மில்லி தேங்காய் எண்ணெயின் எடை ஏறத்தாழ 184 கிராம். அதில் ஒரு சிட்டிகைப் பிசின்சாறு கலந்திருந்து ஆய்வகம் அதைச் சரஸ் வகையில் சேர்த்தால், சிறு அளவு என்ற வரம்பை எண்ணெயே தாண்ட வைத்துவிடும். அதன்பின் பத்தாண்டுவரை சிறைக்கு இடமுண்டு. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து 27க்கு 25 என்ற வாக்கில் நீக்கியபோது இந்தியா ஆதரவாகவே வாக்களித்தது. உள்நாட்டில் இந்த எடைக்கணக்கு மாறவில்லை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறை கஞ்சா வேட்டையை முடுக்கிய பின், பையில் இருப்பது பூச்சு மருந்து என்ற விளக்கத்துக்குச் சாலையோரச் சோதனையில் இடமிருக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

கொங்கு வீடுகளின் பழைய எண்ணெய்க்கு வருவோம். வெட்பாலை, பேச்சில் வெப்பாலை, அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமரம்; ஆனைகட்டி, மருதமலை அடிவாரம், வாளையாறு போன்ற வறண்ட புதர்க்காடுகளின் சூழலுக்கு உரியது. காம்பைக் கிள்ளினால் பால் வடியும். காய்கள் இரண்டு இரண்டாக, நுனிகள் ஒட்டிய நீண்ட குச்சிகளாகத் தொங்குவதைக் கொண்டு, மருந்தில் வேறு வேலைக்குரிய குடசப்பாலையிலிருந்து அதைப் பிரித்தறிவார்கள். குடசப்பாலையில் காய்நுனிகள் ஒட்டியிருப்பதில்லை. கர்நாடகத்தின் சென்னபட்டணத்து மரப்பொம்மைகள் இதன் வெண்மரத்தில் கடையப்படுபவை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் இதுவே தந்தப்பாலை. அங்கும் தலைப்பொடுகுக்கும் படைக்கும் இதே எண்ணெய்தான்.

செய்முறை எளிது. இலையைக் கத்தி படாமல் கையாலேயே கிள்ளி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிறு துண்டுகளாகப் பிய்த்துக் கண்ணாடிச் சீசாவில் இட்டு, இலை மூழ்கும்வரை தேங்காய் எண்ணெய் ஊற்றி, வாயைத் துணியால் வேடுகட்டி வெயிலில் வைக்க வேண்டும். அடுப்பில் ஏற்றாமல் வெயிலின் சூட்டிலேயே மருந்தை ஆக்கும் இம்முறைக்குச் சூரியபுடம் என்று பெயர். முதல் நாள் எண்ணெய் வெளிர்பச்சை. பிறகு இலையின் கிழிந்த ஓரங்களிலிருந்து கருநீலம் இழை இழையாக இறங்கத் தொடங்கும். சில நாளில் சீசா முழுவதும் நாவற்பழச் சாறு போல ஊதாவாகிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஓரத்தில் செம்மை தட்டினால் எண்ணெய் இறங்கிவிட்டது என்று வடிகட்டுவார்கள்.

அந்த நிறமே இதன் ரகசியம். வெட்பாலை அவுரியைப் போல நீலச்சாயம் தரும் செடி. அதன் அறிவியல் பெயரிலுள்ள டின்க்டோரியா என்ற சொல் சாயத்துக்குரியது என்றே பொருள்படும். இலை கிழியும்போது, உள்ளே பிணைந்து கிடந்த இண்டாக்சில் என்ற நிறமற்ற பொருள் விடுபடுகிறது. காற்றுப் பட்டதும் அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீல இண்டிகோ ஆகின்றன, ஒரு பகுதி வேறுவிதமாகச் சேர்ந்து சிவந்த இண்டிரூபின் ஆகிறது. நீலமும் சிவப்பும் கலந்ததே ஊதா என்று கருதலாம். இலையைப் பிய்ப்பதும், மூடியிட்டு இறுக்காமல் துணி கட்டுவதும் இந்த வேதிமாற்றத்துக்கு வேண்டிய காற்றை விடுகின்றன. அடுப்பில் காய்ச்சிக் கறுக்கவிட்ட வெட்பாலை எண்ணெயை மூத்தவர்கள் மதிக்காததற்கு இப்படியொரு காரணம் இருக்கக்கூடும்.

சித்த ஆராய்ச்சி நிறுவனங்களில் சோதிக்கப்பட்டு 777 எண்ணெய் என்ற பெயரில் அறியப்பட்டதும் வெட்பாலை எண்ணெய்தான். ஆனால் துணைப்பொருளைக் கழித்துப் பார்த்த மிகத் தெளிவான சோதனை தைவானிலிருந்து வந்தது. இண்டிகோச் செடிகளிலிருந்து எடுக்கும் கருநீலப் பொடி சீன மருத்துவத்தில் பழைய மருந்து. அங்குள்ள மருத்துவர்கள் அதைக் களிம்பாக்கி, காளாஞ்சகப்படை உள்ள 42 பேரின் உடலில் ஒரு பக்கத்துப் படைக்கு அதையும், அதே ஆளின் மறுபக்கத்துப் படைக்குப் பொடியில்லாத வெறும் களிம்பையும் 12 வாரம் பூசச் செய்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, மருந்து பூசிய பக்கத்தில் 31 பேருக்குப் படை முற்றிலுமோ ஏறத்தாழ முற்றிலுமோ மறைந்தது. வெறும் களிம்பு அந்த அளவுக்கு நெருங்கவும் இல்லை. ஒரே உடல், ஒரே வெயில், ஒரே உணவு, ஒரே மனக்கவலை; மாறியது பொடி மட்டும். வீட்டுக் கஞ்சா எண்ணெய்க்கு இன்றுவரை கிடைக்காத சான்று இந்த வகைதான். இண்டிரூபின் அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்ற புரதத்தின் வழியாக வேலை செய்கிறது என்பதும் பின்னர் தெளிவாகியது; அதே ஏற்பியைக் குறிவைக்கும் டாப்பினரோஃப் என்ற களிம்புக்கு 2022இல் அமெரிக்க அரசு காளாஞ்சகப்படை மருந்தாக ஒப்புதல் அளித்தது. அதற்காக இதை உள்ளுக்கும் குடிக்கலாம் என்று துணிவது ஆபத்து. இண்டிகோப் பொடியைக் குடல் புண்ணுக்கு விழுங்கிவந்தவர்களில் சிலருக்கு நுரையீரல் தமனிகளில் அழுத்தம் ஏறியதைக் கண்டு 2016இல் ஜப்பானிய அரசு எச்சரிக்கை விடுத்தது.

எந்த எண்ணெயானாலும் எந்த நோய்க்கு என்ற கேள்வி முன்னே நிற்கிறது. வட்டமாகப் படர்ந்து ஓரம் தடித்து அரிக்கும் படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளால் அது இந்தியா முழுவதும் கட்டுக்கடங்காமல் போயிருக்கிறது. கஞ்சாவோ வெட்பாலையோ பூசிக் காத்திருக்கும் நாள்களில் அது வீட்டில் அடுத்தவருக்கும் தொற்றும். கரம்புகளில் மண்டிய பார்த்தீனியத்தின் துகள் காற்றில் வந்து கண்ணிமையிலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் படிவதால் வரும் ஒவ்வாமை, பார்வைக்குக் கரப்பான்தான். செடியை விட்டு விலகாதவரை எந்தத் தைலத்துக்கும் அது அடங்காது. சாயப்பட்டறைக் கைகளில் வரும் வெடிப்புக்கும் இதே கதை. கஞ்சாச் செடியே சிலருக்குத் தொட்ட இடத்தில் தடிப்பை உண்டாக்கும் என்பதும் மருத்துவப் பதிவுகளில் உள்ளது.

வீட்டு வெட்பாலை எண்ணெயும் அளவு தெரியாத எண்ணெய்தான். ஊதா நிறம் இண்டிகோ இருப்பதைச் சொல்லுமே தவிர, வேலை செய்யும் இண்டிரூபின் எவ்வளவு என்பதைச் சொல்லாது. இலை இளசா முற்றியதா, எண்ணெய் செக்கில் ஆடியதா, வெயில் எத்தனை நாள் என்பதற்கேற்ப ஒவ்வொரு சீசாவும் வேறு மருந்து. மாசி, பங்குனியில் கோவை வெயில் சூரியபுடத்துக்கு வாய்ப்பாக ஏறும்போது வெட்பாலை இலை உதிர்த்து மொட்டையாக நிற்கிறது. சித்திரையில் பூவோடு தளிர் வருகிறது. இலை முற்றித் தழைத்து நிற்கும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்க, மொட்டை மாடியில் வைத்த சீசாவை நாளுக்கு இருமுறை உள்ளே எடுக்க வேண்டியிருக்கிறது.